பகலில் உறங்குவோரின் வாசல்

தெருவில் கூவி விற்பவர்களை நம் ஊர்கள் நன்கறியும். தயிர்க்காரம்மா, வளையல்காரர், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், பழைய பேப்பர் வாங்குகிறவர் என்று காலையிலிருந்து மாலை வரை தெருவில் குரல்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. அவர்களில் எவரும் வீட்டுக்குள் நுழைந்து, உறங்குகிறவரின் காதருகே நின்று கூவியதில்லை. குரல் தெருவோடு போகும். தேவைப்பட்டவர் வாசலுக்கு வந்து நிறுத்துவார். தேவைப்படாதவர் தம் வேலையைப் பார்ப்பார். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே ஒரு வாசற்படி இருந்தது. அதைத் தாண்டும் உரிமை வீட்டாரிடம் இருந்தது. தொலைபேசி வழி விற்பனை இந்த வாசற்படியைத்தான் முதலில் பெயர்த்து எறிந்தது.

இதை நகரத்து நடுத்தர வர்க்கத்தின் சிறு சலிப்பு என்று ஒதுக்குவோர் உண்டு. மனை விளம்பர அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டுப் போக வேண்டியதுதானே, இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பரந்திருக்கும் தொழிற்சாலைப் பகுதியில் நின்று பார்த்தால், இந்தச் சலிப்புக்கு வேறொரு முகம் இருப்பது தெரியும். அந்த முகத்தைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறோம்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் செல்பேசி ஆலை வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலையும், 2012இல் டெய்ம்லரின் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் தேதியோடு உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. ஆனால் செல்பேசித் தொழில் இப்பகுதியைவிட்டுப் போய்விடவில்லை. சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் ஐபோன்களைத் தயாரிக்கிறது. உலகெங்கும் மணியடிக்கும் கருவிகளைச் செய்தனுப்பும் இடம் இது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது. அதில் 18,720 பெண்கள் தங்கலாம். ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகைக்கு நிகரானோர் ஒரே வளாகத்தில் உறங்கி எழுவதற்கான ஏற்பாடு அது.

எப்போது உறங்கி எழுவது என்பதில்தான் நம் வாதம் தொடங்குகிறது. இங்குள்ள ஆலைகள் பல, ஷிப்ட் முறையில் இரவும் பகலும் இயங்குபவை. இந்த வாரம் காலை ஷிப்ட் என்றால் அடுத்த வாரம் இரவு ஷிப்ட். எந்த வாரத்தை எடுத்துக்கொண்டாலும், இப்பகுதியின் வாடகை வீடுகளிலும் விடுதி அறைகளிலும் ஒரு சாரார் பகலில் உறங்கிக்கொண்டிருப்பார்கள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, குளித்து, ஏதோ சாப்பிட்டுவிட்டு, ஜன்னலில் போர்வையைக் கட்டி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, ஒன்பது ஒன்பதரைக்குக் கண்ணயர்கிறவர்கள் அவர்கள். விற்பனை அழைப்புகள் தொடங்குவதும் அந்நேரத்தில்தான். ஒரகடம் அருகே மனை, தனிநபர் கடன், கடன் அட்டை, காப்பீடு, பிள்ளைகளுக்குக் கல்லூரி இடம் என்று ஒவ்வொன்றாக வரும். பகல் உறக்கம் இயல்பிலேயே மெல்லியது. ஒருமுறை கலைந்தால் மீண்டும் கூடுவது கடினம். அன்றிரவு அதே தொழிலாளி இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். உறக்கம் கெட்டவர் கைகளை அழுத்து இயந்திரத்தின் அருகே கொண்டுபோவதன் பொருளை, ஆலை வாழ்வை அறிந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

செல்பேசியை அணைத்துவிட்டு உறங்கினால் என்ன? விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும், ஒடிசாவிலும் பீகாரிலும் வீட்டைவிட்டு வந்தவர்களுக்கு, ஊரிலிருந்து வரும் அவசரச் செய்திக்கு அதுவே ஒரே வழி. ஷிப்ட் மாற்றத்தைச் சொல்லும் மேற்பார்வையாளரும் அதில்தான் அழைப்பார். சரி, தெரியாத எண்ணை எடுக்காமலிருந்தால்? இந்த அறிவுரையைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். வேலை உறுதியாக இருப்பவர்களுக்கு அது பொருந்தும். ஒப்பந்தத் தொழிலாளிக்கோ அடுத்த வேலை தெரியாத எண்ணிலிருந்துதான் வருகிறது. ஆள் எடுக்கும் ஏஜென்சிக்காரர்கள் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்தே அழைக்கிறார்கள். மனை விற்பவரும் அதே போன்ற எண்ணிலிருந்தே அழைக்கிறார். எடுத்தால் உறக்கம் போகலாம், எடுக்காவிட்டால் வேலை போகலாம் என்ற நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, இதைச் சிறு தொந்தரவு என்று சொல்வது நேர்மையாகாது.

சட்டம் இதை எப்படிப் பார்த்திருக்கிறது? வேண்டாத அழைப்புகளுக்கு எதிராக 2005இலேயே உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2007இல் முதல் விதிமுறைகளை வெளியிட்டு, அழைப்பு வேண்டாதோருக்கான தேசியப் பதிவேட்டை ஏற்படுத்தியது. அது போதாதெனக் கண்டு 2010இல் விரிவான விதிமுறைகள் வந்தன. இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை விளம்பர அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் கூடாது என்று அவை தடுத்தன. நல்ல நோக்கமே. ஆனால் அந்த நேரக் கணக்கைச் சற்று உற்றுப் பாருங்கள். இரவில் உறங்கிப் பகலில் உழைப்பவரே குடிமகன் என்ற எண்ணம் அதனுள் இருக்கிறது. இரவெல்லாம் உழைத்து ஒன்பது மணிக்குப் படுக்கிறவரைப் பொறுத்தவரை, சட்டத்தின் காவல் அவர் கண்ணயரும் வேளையில் கலைந்துவிடுகிறது. அவர் ஆலையில் நிற்கும் நேரமெல்லாம் அவருடைய வெற்று அறையைக் காத்துவிட்டு, அவர் வந்து படுத்ததும் காவலாளி விடைபெற்றுக்கொள்கிறான்.

2018ஆம் ஆண்டு விதிமுறைகள் இந்தக் குறையை ஓரளவு உணர்ந்தவை. எந்த வகை விளம்பரம், எந்த நாள், எந்த நேரம் என்று சந்தாதாரரே தேர்ந்துகொள்ள அவை இடமளிக்கின்றன. வங்கி, காப்பீடு ஒரு வகை. மனை, வீடு இன்னொரு வகை. கல்வி, உடல்நலம், சுற்றுலா, உணவு என்று பிற வகைகள். இப்படி ஒரு வசதி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இரவு ஷிப்ட் செய்கிறவர், தம் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும்போது, வாரத்துக்கு வாரம் தம் விருப்பப் பட்டியலையும் மாற்றிக்கொண்டிருப்பாரா? உரிமை இருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடித்து, படித்துப் புரிந்து, பதிவு செய்து, மீறுவோர் மேல் புகாரும் கொடுக்க வேண்டிய வேலை முழுவதும் உறக்கம் கெட்டவர் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த அழைப்புகள் ஏன் இவ்வளவு பெருகின என்பதையும் யோசிக்க வேண்டும். ஒருகாலத்தில் தொலைபேசி வைத்திருந்தோர் பெயர், முகவரி, எண் எல்லாம் அச்சிட்ட தடித்த புத்தகமாக வீடு தேடி வந்தன. அதை எண்ணி எவரும் அஞ்சவில்லை. காரணம், ஒவ்வொரு அழைப்புக்கும் அழைப்பவர் காசு கொடுக்க வேண்டியிருந்தது. செல்பேசி வந்த புதிதில் வரும் அழைப்புக்கும் கட்டணம் இருந்தது. 2003இல்தான் அது நீங்கியது. 2016க்குப் பின் பேச்சுக்கென்று தனிக் கட்டணமே ஏறக்குறைய மறைந்துவிட்டது. நமக்கெல்லாம் நன்மைதான். ஆனால் ஆயிரம் பேரை எழுப்பி ஒருவரிடம் விற்றாலும் இலாபம் என்ற கணக்கு அப்போதுதான் சாத்தியமாயிற்று. மீதி 999 பேரின் உறக்கமும் நேரமும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். அவர் ஒரு மந்திரத்தைக் கேட்டுப் பெறத் திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்பதும், பெற்றதை எல்லாருக்கும் உரக்கச் சொன்னார் என்பதும் நம் மரபு சொல்லும் கதை. கேளாதவர்க்கும் சொன்னவர்தானே அவர் என்று குறும்பாகக் கேட்கும் நண்பர்கள் இருக்கலாம். கதையின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. கேட்பவர்க்குப் பயன், சொல்லும் தனக்கு நரகம் என்று தெரிந்தே அவர் சொன்னார். இன்றைய விற்பனைக் குரலில் பயன் சொல்பவருக்கு, செலவு கேட்பவருக்கு. வள்ளுவர் பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். கேட்பவருக்குப் பயனில்லாத சொல்லை ஒரு தொழிலாகவே நடத்த முடியும் என்பதை அவரும் எண்ணியிருக்க மாட்டார்.

அண்மைக் காலத்தில் நடவடிக்கைகள் கூர்மையடைந்திருப்பதை மறைக்க வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் டிராய் பிறப்பித்த ஆணையை அடுத்து, சில வாரங்களிலேயே 2.75 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. 50 நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் விதிமுறைகள் திருத்தப்பட்டன. புகார் கொடுப்பதற்கான கெடு மூன்று நாளிலிருந்து ஏழு நாளாயிற்று. பதிவு பெறாத விற்பனையாளர் மேல் புகார் கொடுக்க, நாம் முன்கூட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீங்கியது. பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை தொடங்கலாம்; அதை ஐந்து நாளுக்குள் எடுக்க வேண்டும். முதல் மீறலுக்கு 15 நாள் வெளியழைப்புத் தடை. மீண்டும் மீறினால் ஓராண்டுக்கு எல்லா இணைப்புகளும் போகும். இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆயினும் அடிப்படை மாறவில்லை. மறுப்புத் தெரிவிக்காதவர் சம்மதித்தவராகவே கொள்ளப்படுகிறார்.

நம் கருத்து இதற்கு நேர்மாறானது. கேட்டவருக்கு மட்டுமே விளம்பரம் வர வேண்டும். கேளாதவரின் மௌனம் மறுப்பாகவே கொள்ளப்பட வேண்டும். இது நடக்காத காரியமா? ஜெர்மனியில் நுகர்வோரை விற்பனைக்காகத் தொலைபேசியில் அழைக்க அவருடைய வெளிப்படையான முன்சம்மதம் வேண்டும் என்பது சட்டம். ஆம்ஸ்டர்டாம் நகரில், விளம்பரத் தாள் வேண்டாதவர்கள் தம் அஞ்சல் பெட்டியில் ‘வேண்டாம்’ என்று ஒட்டிவைக்கும் வழக்கம் முன்பு இருந்தது. 2018 ஜனவரி முதல் நாள் அந்நகரம் இதைத் தலைகீழாக்கியது. ‘வேண்டும்’ என்று ஒட்டியிருக்கும் பெட்டியில் மட்டுமே முகவரியற்ற விளம்பரத் தாள்களைப் போடலாம். அச்சுத் தொழிலினர் வழக்குத் தொடர்ந்தனர். 2021இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. ஒட்டுத்தாளில் ஒரு சொல்தான் மாறியது. ஆனால் உழைக்க வேண்டியவர் யார் என்பது அதனோடு மாறிவிட்டது.

பேச்சுரிமை என்னாவது என்ற கேள்வியை நாம் தட்டிக்கழிக்க முடியாது. வணிக விளம்பரமும் அரசமைப்பின் 19ஆம் பிரிவு காக்கும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்று நம் உச்ச நீதிமன்றம் 1995இல் டாட்டா பிரஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. விளம்பரங்களோடு வந்த ஒரு தொலைபேசி எண் தொகுப்பைப் பற்றிய வழக்கு அது என்பது சுவையான பொருத்தம். அத்தீர்ப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்தத் தொகுப்பு வீட்டில் அலமாரியில் கிடந்தது. வேண்டியவர் எடுத்துப் புரட்டினார். பேசும் உரிமை என்பது, கேட்க விரும்பாதவரின் காதைப் பிடித்து நிறுத்தும் உரிமையாகாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1970இல், வேண்டாத அஞ்சல் பற்றிய ரோவன் வழக்கில், விரும்பாதவரின் அஞ்சல் பெட்டியோடு விற்பவரின் உரிமை நின்றுவிடுகிறது என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்தது. அந்தரங்கம் என்றால் இரகசியம் மட்டுமல்ல. தனித்திருக்க விடப்படுவதும் அதில் அடங்கும்.

அழைப்பவரின் பிழைப்பு என்னாவது என்பது இதைவிடக் கனமான கேள்வி. அந்தக் குரலும் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளையின் குரல்தான். பட்டம் முடித்து, நாளொன்றுக்கு இத்தனை அழைப்பு என்ற இலக்கோடு உட்கார்ந்து, நாளெல்லாம் வசவு வாங்கும் இளைஞர்களை நாமும் வசைபாடுவதில் வீரமில்லை. “வேண்டாம்மா” என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வதே பண்பு. ஆனால் கேட்டவரை மட்டுமே அழைக்க வேண்டும் என்ற விதி வந்தால், அவர்களும் வசவுக்குப் பதில் விருப்பத்தோடு பேசுகிறவர்களிடம் பேசுவார்கள். பிழைப்பின் பெயரால் இன்றைய முறையைத் தாங்கிப் பிடிப்பவர்கள், அப்பிள்ளைகளுக்கும் நன்மை செய்யவில்லை.

மனை விளம்பரத்துக்கு இப்பகுதியில் தனிக் கசப்பு உண்டு. சிப்காட்டுக்காக நிலத்தைக் கொடுத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் செல்பேசிக்குத்தான் ‘ஒரகடம் அருகே முதலீடு செய்ய அரிய வாய்ப்பு’ என்று செய்தி வருகிறது. 2022இல் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்தபின் அந்தப் பெயரும் சேர்ந்துகொண்டது. தம் நிலம் போகக் கூடாதென்று ஏகனாபுரம் மக்கள் போராடிக்கொண்டிருக்க, அதே விமான நிலையத்தின் பெயரைச் சொல்லி மனைகள் விற்கப்படுகின்றன. இங்கே சட்டம் நமக்கு ஓர் ஆயுதம் கொடுத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரேரா சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய மனைத் திட்டத்தைப் பதிவுக்கு முன் விளம்பரம் செய்யவே கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். அழைப்பவரிடம் “ரேரா எண் சொல்லுங்கள்” என்று ஒரே கேள்வி கேட்கலாம். நாளிதழ் மடிப்பில் வந்து விழும் துண்டறிக்கையிலும் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். எண் இல்லாத தாளைக் கிழித்துப் போடுமுன், தமிழ்நாட்டு ரேரா ஆணையத்துக்குத் தெரிவிப்பது பக்கத்து வீட்டாருக்கும் செய்யும் உதவி.

வீட்டளவில் செய்யக்கூடியவை வேறு சிலவும் உண்டு. 1909 என்ற எண்ணுக்கு அழைத்தோ குறுஞ்செய்தி அனுப்பியோ விளம்பரங்களை முழுவதும் தடுக்கலாம். டிராயின் செயலி வழியாகவும் முடியும். வங்கியின் ஒருமுறைக் கடவு எண் வராமல் போய்விடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். வராமல் போகாது, அத்தகைய சேவைச் செய்திகளை இத்தடை தொடாது. தடையை மீறி வரும் அழைப்பின் எண்ணையும் நாளையும் உள்ளடக்கத்தையும் ஏழு நாளுக்குள் 1909க்கு அனுப்பினால் அது புகாராகும். பதிவு பெற்ற விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்தே வர வேண்டும் என்பதைத் தெரிந்துவைத்திருந்தால், சாதாரணப் பத்து இலக்க எண்ணில் வரும் விற்பனைக் குரல் விதியை மீறியது என்று உடனே புரியும். பணம் பறிபோயிருந்தால் 1930ஐ உடனே அழைக்க வேண்டும். ஜவுளிக் கடையிலும் நகைக் கடையிலும் பில் போடும் இடத்தில் எண் கேட்டால், கொடுக்காமலும் பொருள் வாங்கலாம் என்பதை நாம் மறந்தேவிட்டோம். பரிசுக் குலுக்கல் பெட்டியில் போடும் சீட்டு நம் எண்ணை நாமே எழுதிக் கொடுக்கும் தானப் பத்திரம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக எண் கேட்கிறோம் என்பதைத் தமிழிலும் அறியத்தர வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதுவரை நம் எண்ணுக்கு நாமே காவல்.

ஆனால் தனி வீடுகளின் சாமர்த்தியத்தோடு இது முடிந்துவிடக் கூடாது. புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு ஆலைகள் முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கின்றன. தலைக்கவசம், காலணி, தீயணைப்பான் எல்லாம் அதில் உண்டு. பத்து நிமிடம் ஒதுக்கி, தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் 1909ஐப் பற்றிச் சொல்லி, அங்கேயே பதிவு செய்ய வைப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. ஓய்வெடுத்த தொழிலாளி வேண்டும் என்பது நிறுவனத்தின் தேவையும்தான். தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் பகல் உறக்கத்தையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். ஆள் எடுக்கும் ஏஜென்சிகள் தம் அழைப்பெண்களை ஆலை வாசலிலும் விடுதியிலும் எழுதிப்போட்டால், எந்த எண்ணை எடுப்பது என்ற அவதியில் பாதி குறையும். டிராய் தன் பங்குக்கு, இரவு ஷிப்ட் செய்வோர் இருப்பதை நினைவில் கொண்டு, கேளாதவரை எந்நேரமும் அழைக்கலாகாது என்ற ஒற்றை விதியை நோக்கி நகர வேண்டும். அவ்விதி வந்தால் இரவு ஒன்பது, காலை ஒன்பது என்ற கணக்கே தேவைப்படாது.

ஆலைச் சங்கு ஒலித்து உழைப்பாளரை எழுப்பிய காலம் ஒன்று இருந்தது. அந்தச் சங்குக்குக் கூலி உண்டு. எழுந்தவர்க்கு அன்றைய சம்பளம் உண்டு. இன்று சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் பகல் பதினொரு மணிக்கு உறங்குகிறவரை எழுப்பும் மணிக்குக் கூலி தருபவர் எவருமில்லை. இதை மாற்றக் கோருவது ஆடம்பரமல்ல என்றே கருதுகிறோம்.